செல்லக்கிளி வீட்டுக் களா

பேணுதல் என்னும் பண்பு ஆரவாரம் அறியாதது. கொடுப்பவரைப் பாட நாவுகள் உண்டு; களத்தில் விழுந்தவருக்குக் கல் நடுவார் உண்டு. ஓர் உயிரைக் கையில் ஏற்றுக்கொண்டு, அது தன் காலில் நிற்கும்வரை அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காதிருப்பவரை ஊர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மகிழ்ச்சியும் துயரும் ஒருசேர வற்றிப்போன ஓர் ஆண்டிலும் அந்தப் பண்பைக் கைவிடாத ஒருத்தி தூத்துக்குடியில் இருக்கிறாள். முத்தையாபுரத்துக்குத் தெற்கே, பின்வாசலைத் திறந்தால் உப்பளம் வெளுத்துக் கிடக்கும் தெருவில் அவள் வீடு. பெயர் செல்லக்கிளி.

அவள் பிறந்தது ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணியின் வாய்க்கால் பாயும் நெல்வயல் ஊரில். அவள் தந்தைக்கு அந்த வட்டாரத்தில் இருந்த மதிப்பெல்லாம் விதையால் வந்தது. அண்டாவில் தண்ணீர் நிறைத்து, அதில் உப்பைக் கரைத்து, ஒரு கோழிமுட்டையை இடச் சொல்வார். முட்டையை இடும் உரிமை மகளுடையது. அது மேலெழுந்து காசு அகலத்துக்கு முதுகு காட்டும்வரை உப்பைக் கூட்டுவார். பிறகுதான் விதைநெல் உள்ளே விழும். மிதந்தது பதர், அதை அள்ளி எறிவார்கள். ஆழ்ந்தது விதை; அதை நல்ல தண்ணீரில் அலசி, பல்லில் வைத்தால் முறியும் பதம்வரை காயவைப்பார்கள். விதை என்றால் ஆழவேண்டும், காயவேண்டும், காலத்துக்குக் காத்திருக்கவேண்டும் என்பது அவளுக்குத் தாய்மொழியைப் போலப் படிந்துவிட்டது.

அவள் மணந்ததோ தேரிக்காட்டுக்காரரை. மகாராஜன் உடன்குடிப் பக்கத்துச் செம்மணலில், பனைகளுக்கு நடுவே பிறந்தவர். ஏரல் கடைத்தெருவில் அவருடைய மாமன் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். அந்தக் கடைவாசலில் தொடங்கிய பழக்கம் திருச்செந்தூர்ச் சந்நிதியில் மாலை மாற்றி முடிந்தது. நெல்வயல் ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பனங்காடும் அப்படியே செய்தது. இருவரும் தூத்துக்குடிக்கு வந்தார்கள். மகாராஜன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரு மகன் பிறந்தான், செந்தில்முருகன். வளர்ந்து கப்பல் வேலைக்குப் போனான்.

வீட்டின் பின்சுவருக்கு வெளியே, தெருவோரத்தில், ஒரு களாச்செடி நின்றது. செடி என்று சொன்னாலும் அது ஆளுயரப் புதர். இலைக்கு இரண்டு முள், வெள்ளி நட்சத்திரம் போன்ற பூ, மல்லிகையோடு போட்டியிடும் மணம். ஆடி பிறந்தால் காய்கள் சிவந்து, பிறகு கருத்துப் பழுக்கும். கருமைக்கு உவமை தேடிய பழம்புலவர்கள் கண்டு மகிழ்ந்த பழம் அது. ஆனால் செல்லக்கிளிக்கு அதனிடம் அன்பு இருந்ததில்லை. கொடியில் உலர்த்திய சேலை காற்றில் பறந்து அதன்மேல் விழுந்தால் கிழியாமல் வராது.

"வெட்டிப் போட்டா என்ன இதை?" என்பாள்.

"இருக்கட்டும்ளா. ஒங்க அப்பா வீட்டுல இருந்து ஒரு மரக்கா நெல்லு வரல. எங்க வீட்டுல இருந்து ஒரு சில்லுக் கருப்பட்டி வரல. நம்ம கல்யாணத்துக்கு வந்த சீரு இது ஒண்ணுதான்" என்பார் மகாராஜன்.

யாராவது கேட்டால் அவள், "அவுக வச்ச செடி" என்று சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே, "நான் எங்களா வச்சேன்?" என்பார். அந்தக் கேள்விக்குப் பொருள் என்ன என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மாசி மாதத்து விடியலில், வேலைக்குப் போவதற்காகச் செருப்பை மாட்டக் குனிந்த மகாராஜன் நிமிரவில்லை. மகன் வந்தான், காரியங்கள் முடிந்தன, கப்பல் கூப்பிட்டது, போய்விட்டான். செல்லக்கிளி அழவில்லை. வந்தவர்கள் அழச்சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். அழுவதற்கு உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப்பார்த்தாள். விருந்தினர் எல்லாரும் போனபிறகு கழுவிவிட்ட கல்யாண மண்டபம்போல் இருந்தது. பெருக்கினாள், குளித்தாள், பொங்கினாள், உண்டாள். சாமி படத்துக்கு விளக்கேற்றி, சிறுவயது முதல் சொல்லிவந்த துதியைச் சொன்னாள். சொற்கள் வரிசை தவறாமல் வந்தன. அவற்றின் பின்னால் எதுவும் வரவில்லை.

அந்த வெறுமையை முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்துவீட்டு ரோஸ். திரேஸ்புரத்தில் பிறந்தவள், செல்லக்கிளிக்கு மூத்தவள். அவள் கணவர் சங்கு குளிப்பவர், கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர். விலைபோகாத உடைசங்குகள் ரோஸின் முற்றத்தில், குசினியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் குவிந்து கிடக்கும்.

"ஏளா கிளி, என்ன கொழம்பு இது? உப்பளத்தைப் பாத்து வாசல் வச்சுக்கிட்டு, உப்புக்கா பஞ்சம்?"

"போட்டேன்னு நெனச்சேன்க்கா."

"நெனப்புல போட்ட உப்பு நாக்குக்கு எங்கன வரும்?"

செல்லக்கிளி ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அது அவளை அச்சுறுத்தவும் இல்லை.

ஆடி பிறந்த வாரத்தில் இருவர் வந்து தெருவை அளந்தார்கள். பின்சுவரில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். விசாரித்து வந்தவள் ரோஸ்தான்.

"மழைத்தண்ணி போக வாய்க்கால் கட்டுதாகளாம். போன வருசம் வீட்டுக்குள்ள தண்ணி வந்து கட்டிலு மெதந்துச்சுலா, அதுக்குத்தான். நல்லதுதான். ஆனா ஒன் களா நிக்கிற எடம்தான் வழியாம்."

செல்லக்கிளி பின்கதவருகே போய் நின்றாள். புதர் பாதி சிவப்பும் பாதி கருப்புமாகக் காய்த்திருந்தது. அவளுள் எழுந்ததைத் துயரம் என்று சொல்ல முடியாது. அடுப்பில் பால் பொங்கப்போவதைக் கண்டவள் தன்னையறியாமல் எழுந்துகொள்வாளே, அதைப் போன்றதொரு அசைவு. பல மாதங்களில் அதுவே முதலாவது.

"வெதை எடுக்கணும்" என்றாள்.

"என்னது?"

"அவுக போயிட்டாக. இதும் போச்சுன்னா, அவுக ஊருன்னு சொல்ல இந்த வீட்டுல ஒண்ணும் இருக்காதுக்கா. இது வழி அத்துப்போவக் கூடாது. சுவருக்கு உள்ள ஒரு கன்னு நின்னாப் போதும்."

மறுநாளே முறத்தோடு புதருக்குள் இறங்கினாள். முன்கை முழுதும் முள் கோடு கிழித்தது. இரத்தம் வந்ததை ரோஸ் காட்டியபோதுதான் பார்த்தாள். நன்றாகக் கருத்த பழங்களை மட்டும் பறித்தாள். ஒன்றை வாயிலிட்டாள். புளித்திருக்க வேண்டும், களாவின் பால் உதட்டில் பிசினாக ஒட்டியது மட்டுமே தெரிந்தது. ரோஸ் ஒரு கிண்ணம் நிறைய அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள்.

செல்லக்கிளி பழங்களைப் பிசைந்து, சதையை அலசி, விதைகளைத் தனியே எடுத்தாள். சட்டியில் தண்ணீர் ஊற்றினாள். உப்பைக் கரைத்தாள். ஒரு முட்டையைக் கொண்டுவந்து மெல்ல உள்ளே விட்டாள்.

"மாதாவே! இது என்ன கூத்துளா? களாவுக்கு முட்டையா?"

"வெதை தேறுததுக்கு."

களாவிதை நெல்லைப்போல் கனத்ததன்று. தட்டையாக, மெல்லியதாக, அத்தனையும் மிதந்தது. செல்லக்கிளி சற்றே திகைத்தாள்; பிறகு தண்ணீரைக் கூட்டிக்கூட்டி உப்பைத் தளர்த்தினாள். ஒரு பகுதி ஆழ்ந்தது. மிதந்ததை வழித்து எறிந்தாள். ஆழ்ந்ததை நல்ல தண்ணீரில் அலசி, முற்றத்துச் சாக்கில் பரப்பினாள்.

"இப்பமே மண்ணுல புதைச்சு வையேன்" என்றாள் ரோஸ், வாய் நிறையப் பழத்தோடு.

"ஆடி வெயில்ல புதைச்சா வெந்துபோவும்க்கா. காயவச்சு, சாம்பல் தடவி, ஐப்பசி மழைக்குத்தான் போடணும். வெதை விசயத்துல எனக்கு யாரும் சொல்லவேண்டாம்."

"ஆமா, நீ நெல்லுக்காரி. நாங்க கடலுக்குள்ள முத்தை வெதைச்ச கூட்டம், எங்களுக்கு என்ன தெரியும்?"

கிண்ணத்தோடு எழுந்து போனாள் ரோஸ். போகிறபோக்கில் அவள் துப்புகிற ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

விதைகள் ஆடி வெயிலில் காய்ந்தன. கையில் அள்ளி உதறினால் சலசலத்தன. அந்த ஓசை செல்லக்கிளிக்குச் சரியானதாகப் பட்டது. தந்தையின் முற்றத்தில் கேட்ட ஓசை. அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தடவி, சிறுகலயத்தில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். விளக்கேற்றும்போதெல்லாம் கலயத்தையும் ஒருமுறை பார்ப்பாள்.

புரட்டாசியில் மண்வாரும் எந்திரம் வந்தது. அதை ஓட்டியவர் நடுவயதுக்காரர், வெளியூர், நல்ல மனிதர். புதரின் முன்னே எந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தார்.

"எம்மா, காய்க்கிற செடி மாதிரித் தெரியுது. வேரோட ஒரே கட்டா அள்ளி உள்ள வச்சித் தரட்டுமா? ஒரு குழி போட்டாப் போதும். எனக்கு ஒண்ணும் செரமம் இல்ல."

செல்லக்கிளி திரும்பி வீட்டினுள்ளே, கலயம் இருந்த பக்கம் பார்த்தாள்.

"வேண்டாம்யா. எடுத்துருங்க. எங்கிட்ட வெதை இருக்கு."

இரும்புக் கை ஒருமுறை இறங்கி எழுந்தது. புதர் அதன் வாயில் தலைகீழாகத் தொங்கியது. வேரில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்தது. கார்த்திகைக்குள் அந்த இடத்தில் வாய்க்கால் கட்டிப் பலகைக்கல்லால் மூடிவிட்டார்கள். தெருவில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான்.

ஐப்பசியில் மழை விழுந்தது. சஷ்டி விரதக்காரர்களை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர்ப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் அரோகரா முழக்கத்தோடு போயின. ஆண்டு திரும்பாத வீடு என்பதால் செல்லக்கிளி அந்த ஆண்டு சந்நிதிக்குப் போகவில்லை. அந்த நாட்களில், வெட்டி வைத்திருந்த பால் பாக்கெட்டுகளில் மண்ணும் எருவும் நிறைத்து, கலயத்தின் துணியை அவிழ்த்து, ஒவ்வொன்றாக ஊன்றினாள். உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீர் ஆகாதென்று, குடிக்கப் பிடித்த தண்ணீரில் பங்கு வைத்து ஊற்றினாள். மழை அதிகமானால் உள்ளே எடுத்தாள். வெயில் அடித்தால் வெளியே வைத்தாள். நடுவில் வந்த தீபாவளி அந்த வீட்டுக்குள் நுழையவில்லை.

எதுவும் முளைக்கவில்லை.

கார்த்திகை தொடங்கியபோது ஒரு பாக்கெட்டைக் கவிழ்த்து மண்ணைக் கிளறினாள். விதை மீன்செதிலைப்போல் இருந்தது. விரலால் அழுத்தினாள், உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததைக் கவிழ்த்தாள். அதுவும் அப்படியே. எல்லாவற்றையும் கவிழ்த்து முடித்தபோது முற்றத்தில் மண்குவியல் ஒன்று உயர்ந்திருந்தது. 'எங்கிட்ட வெதை இருக்கு' என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. எந்திரக்காரர் காத்து நின்ற முகம் நினைவுக்கு வந்தது. இவை வந்தன, நின்றன, போயின. அவள் கையைக் கழுவிக்கொண்டு அரிசி களையப் போனாள்.

"உடன்குடிப் பக்கம் ஒரு நடை போனா களா காடாக் கெடக்குமே" என்றாள் ரோஸ், செய்தி கேட்டு வந்து. "வா, ரெண்டுபேரும் பஸ் ஏறிப் போயி ஒரு கன்னு புடுங்கிட்டு வருவோம்."

"அது வேற செடிக்கா."

"களா களாதானளா?"

செல்லக்கிளி கவிழ்த்த பாக்கெட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். ரோஸ் அன்றைய சோற்றில் உப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.

மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் சுவருக்கு அப்பாலிருந்து ரோஸின் குரல் வந்தது. அந்தக் குரல் கரையிலிருந்து வள்ளத்தைக் கூப்பிடப் பழகியது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஏளா கிளி! ஏளா! போட்டதைப் போட்டபடி போட்டுட்டு வா!"

செல்லக்கிளி போனாள். குசினித் தண்ணீர் ஓடும் ஈரத்தில், உடைசங்குக் குவியலின் இடுக்கில், விரலுயரத்தில் மூன்று கன்றுகள் நின்றன. எதிரெதிராக இலை, பளபளத்த பச்சை. ஒன்றின் இலைநுனியை ரோஸ் வீட்டுக் கோழி கொத்தியிருந்தது. கொத்திய இடத்தில் வெள்ளைப் பால் ஒரு துளி திரண்டிருந்தது.

"பாலு" என்றாள் செல்லக்கிளி.

"பின்ன என்ன மோரா? அன்னைக்கு நா தின்னுட்டுத் துப்புனதுளா! நீ கழுவுன, முட்டைய விட்ட, காயவச்ச, சாம்பல் பூசுன, சாமிக்குக் கீழ குடிவச்ச. அதெல்லாம் செத்துப்போச்சு. நா த்தூன்னு துப்புனது நிக்கி பாரு, ராசா கணக்கா! எச்சின்னு பாக்காதளா, எடுத்துட்டுப் போ."

செல்லக்கிளி குந்தி உட்கார்ந்தாள். எச்சில் என்ற சொல் அவள் காதில் தங்கிவிட்டது. அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு ஒரு நாள் மேலே வந்தது. கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல், ஆடி ஆடி, மெல்ல.

மணமான முதல் ஆண்டு அது. பிறந்தவீட்டு நினைவில் அவள் சோறு இறங்காமல் இருந்தாள். மகாராஜன் தம் தாயை ஊருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியே பார்த்துவிட்டு, தேரிக்காட்டிலிருந்து பனையோலைப் பட்டை நிறையக் களாப்பழம் கொண்டுவந்தார். இருவரும் தங்கள் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து தின்றார்கள். அவர் விதையைச் சுவர்ப்பக்கம் துப்பினார். அவளும் துப்பினாள். யாருடையது சுவரைத் தாண்டும் என்று பந்தயம் வந்தது. அவருடையது ஒன்றும் தாண்டவில்லை; எல்லாம் சுவருக்கு உள்ளேயே, துவைகல்லடியில் விழுந்தன. அவளுடையது தாண்டியது. "நெல்லுக்காரி துப்புனா வாய்க்காலே தாண்டும்போல" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்று இரண்டு கவளம் சோறு தின்றாள்.

புதர் நின்றது சுவருக்கு வெளியே.

'நான் எங்களா வச்சேன்?' என்று ஆண்டாண்டாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னளா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் ரோஸ்.

"அது நான் துப்புனதுக்கா."

"போளா! நா துப்புனதுங்கேன்."

"இது நீங்க துப்புனது. அது நான் துப்புனது." செல்லக்கிளியின் குரல் எப்போதும்போல் சமமாகவே இருந்தது. "காயவே கூடாது போல இருக்கு. வாயில இருந்து ஈரத்தோட மண்ணுக்குப் போவணும். எனக்கு அது தெரிஞ்சிருக்கணும்."

அவள் ஒரு கன்றின் அடியைப் பிடித்தாள். நாற்றைப் பிடுங்கிப் பழகிய விரல்கள்; பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சாகக் கட்டுவதே அவற்றின் வழக்கம். இழுக்கப்போன கை நின்றது. அவள் விரல்களைத் தளர்த்திக் கன்றை விட்டாள். ரோஸிடம் அகப்பை கேட்டு வாங்கினாள். வெயில் தணியும்வரை காத்திருந்து, கன்றைச் சுற்றி ஆழத் தோண்டி, வேரைப் பற்றியிருந்த உடைசங்கையும் சேற்றையும் அப்படியே சேர்த்து எடுத்தாள். சங்கைத் தட்டிவிடச் சொன்னாள் ரோஸ். "இருக்கட்டும்" என்றாள் செல்லக்கிளி.

இரண்டு கன்றுகளைத் தன் சுவருக்கு உள்ளே, துவைகல்லை ஒட்டி வைத்தாள். மூன்றாவது ரோஸின் முற்றத்திலேயே நிற்கட்டும் என்று விட்டாள். கோழி கொத்தாதபடி பழைய மீன்கூடை ஒன்றைக் கவிழ்த்துவிட்டு, ரோஸ், "எனக்கும் ஒரு முள்ளுச் செடி வேணும்னு யாரு அழுதா?" என்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மார்கழியில் இரண்டில் ஒன்று பட்டுப்போயிற்று. மற்றொன்று நின்றது. தை பிறந்தபோது அதன் மூன்றாம் கணுவில், ஊசிமுனை அளவில், இரண்டு முட்கள் அரும்பின.

அந்த வாரத்தில் ஒரு காலை மகன் போனில் பேசினான். எந்தத் துறைமுகம் என்று அவன் சொன்ன பெயர் அவளுக்கு வாயில் நுழையவில்லை.

"எம்மா, சாப்ட்டியா?"

ஓர் ஆண்டாக அவள் சொல்லிவந்த விடை ஒன்றே: 'ஆச்சு.' அதோடு பேச்சு முடிந்துவிடும். அன்று விடை மாறியது.

"ரோஸ் பெரியம்மா துப்புன வெதை முளைச்சு நம்ம வீட்டுல நிக்குலே" என்றாள்.

"என்னது?"

"களா. இப்பம் முள்ளு விட்டிருக்கு."

அங்கே அவன் சிரித்தான். கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்தச் சிரிப்பில் அவன் தந்தையின் சாயல் இருந்தது. செல்லக்கிளி சிரிக்கவில்லை; அழவும் இல்லை. அவன் பேச்சை முடித்த பிறகும் சிறிதுநேரம் போனைக் காதோடு வைத்திருந்தாள். பிறகு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு துவைகல்லடிக்குப் போனாள்.

செந்தூரில் அலைவாய் நின்று காக்கும் வேலவன் அந்த மனையைக் காக்க. கடல்மேல் சென்ற மகனைக் காற்றும் அலையும் தாலாட்டிக் கரைசேர்க்க. அவள் கைபட்ட மண் ஈரம் குன்றாதிருக்க. அவள் நாவில் உப்பு மீண்டும் உப்பாகட்டும். துவைகல்லடியில் நிற்கும் அந்தக் கன்று முள்ளும் பூவும் கனியுமாகத் தழைத்து, சுவருக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள இரு வீட்டாரும் ஒரே படியில் அமர்ந்து உண்ணும் நாள் அந்த முற்றத்துக்கு வாய்க்க.